நாலு கியரும் பின்னுக்கு

பெட்டி வாசலில் இறுகிவிட்டது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கனகேஸ்வரி வீட்டுக்குள், கதிர்காமநாதன் ஒழுங்கையில், நடுவில் ஜப்பானிலிருந்து மரப்பெட்டியில் வந்த, வான் வண்டியின் டீசல் எஞ்சின். இறக்கிவைத்த லொறிக்காரன் காலி வீதிப் பக்கம் மாயமாய் மறைந்து கனநேரம்.

"இஞ்சாருங்கோ, நான் எப்பிடி வெளியில வாறது?"

"ஏன், இப்ப எங்க போகப் போறீர்?"

"கனடாவுக்கு!"

அந்த ஒரு சொல்லில்தான் முழு வில்லங்கமும் இருந்தது. தொரொன்ரோவில் இருக்கிற மகள் ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுத்து அழுவாள். "குண்டு வெடிக்கிற ஊரில என்னத்துக்கம்மா இருக்கிறியள்? ஸ்பொன்சர் சரிவந்திட்டுது, வாங்கோ." கனகேஸ்வரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, வாறம்" என்பாள்.

கதிர்காமநாதன்தான் மாட்டேன் என்று நின்றார். ஆனால் சும்மா நிற்கிற ஆளா அவர்? முப்பது வருசம் கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கொழும்பில் அவருக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கப் போகாதே. பஸ்ஸில் சத்தமாய்த் தமிழ் கதையாதே. கடற்கரையில் நின்று கடலைப் பாராதே. கேட்டுக் கேட்டு மனுசனுக்கு விசர் வந்துவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு தமிழன் கனவிலும் வைத்திருக்கக் கூடாத சாமான் எது? மோட்டர் வள்ளம். அப்படியென்றால் அதுதான் எனக்கு வேணும் என்று பிடிவாதமாய் நின்றார்.

வள்ளம் ஆயத்தமாகவே இருந்தது. அவரோடு ஒன்றாய் வேலை பார்த்த பற்றிக், வத்தளையில் ஹெந்தளைக் கால்வாய் ஓரத்தில் குடியிருந்தான். அவன் வளவில் எஞ்சின் இல்லாத மரவள்ளம் ஒன்று கோழி முட்டையிடுவதற்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கேட்ட கனகேஸ்வரி ஒரேயொரு நிபந்தனை வைத்தாள்.

"தீபாவளிக்குள்ள உங்கட வள்ளம் கால்வாய்ப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரவேணும். வந்தால் கனடாக் கதையை நான் எடுக்கமாட்டன். வராட்டி வாயைப் பொத்திக்கொண்டு பிளேன் ஏறவேணும். சம்மதமோ?"

"சம்மதம்!"

வள்ள எஞ்சின் வாங்கினால் புலிக்கோ என்று ஆயிரம் கேள்வி வரும். வான் எஞ்சினுக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆகவே கிராண்ட்பாஸில் பழைய எஞ்சின் இறக்கி விற்கிற பலீலிடம் போனார்.

"சேர், இது ரோட்டுல ஓடுற சாமான்" என்றார் பலீல். "தண்ணியில எறக்கினா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டன்."

"நான் பொறுப்பு!"

ஆனால் லொறிக்காரன் வத்தளைக்கு வர மறுத்துவிட்டான். களனிப் பாலத்தில் செக்கிங், பெட்டியோடு சேர்த்துத் தன்னையும் உள்ளே போடுவார்கள் என்று பயம். அப்படித்தான் பெட்டி வெள்ளவத்தை வாசலில் வந்து இறுகியது.

கதிர்காமநாதன் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ரோந்து வந்த பொலிஸ் சார்ஜன்ட்.

"மொகத மே?"

இது என்ன என்று கேட்கிறான். கதிர்காமநாதனின் சிங்களம் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்ல மட்டும் போதும். "எஞ்சின்" என்றவர் அதோடு நின்றுவிட்டார்.

பெட்டிக்கு மேலாய்க் கனகேஸ்வரியின் தலை எழும்பியது. அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மழை மாதிரிக் கொட்டினாள். கதிர்காமநாதனுக்கு அதில் பிடிபட்டது "மிரிஸ்" என்ற ஒரு சொல்தான். மிளகாய்! சார்ஜன்ட் பெட்டியைப் பார்த்தான், அவரை மேலும் கீழும் பார்த்தான், பெரிதாய்ச் சிரித்துவிட்டுப் போனான்.

"அவனுக்கு என்னப்பா சொன்னீர்?"

"மிளகாய் அரைக்கிற மில் போடப்போறியள் எண்டனான்."

"பொய் சொல்லவும் ஒரு அளவு வேணாமோ?"

"அப்ப மெய்யைச் சொல்லட்டே? கூப்பிடட்டே அவனை?"

கதிர்காமநாதன் பெட்டியை உடைக்கத் தொடங்கினார். பலகை பலகையாய்க் கழற்றி, எஞ்சினை உருட்டி, ஒருமாதிரி ஹோலுக்குள் சேர்த்தார்.

இரண்டு நாள் போகவில்லை. சார்ஜன்ட் ஒரு பை செத்தல் மிளகாயோடு வந்து நின்றான்!

"பாத்தீரே உம்மட பொய்யின்ர வடிவை?" கதிர்காமநாதன் தலையில் கையை வைத்தார்.

"கத்தாதேங்கோ. வறுத்துத் தாறன், சந்தை மில்லில குடுத்து அரைச்சுக்கொண்டு வாங்கோ."

கனகேஸ்வரி மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் போட்டு மணக்க மணக்க வறுத்தாள். சும்மா தூள் கேட்டவனுக்கு நல்ல யாழ்ப்பாணத்துக் கறித்தூள் கிடைத்தது. அது பெரிய பிழையாய்ப் போயிற்று. அடுத்த கிழமை மூன்று பை வந்தது. அதற்கடுத்த கிழமை பொலிஸ்காரர் பாதிப்பேரின் மிளகாயும் அவர்கள் ஹோலில் இருந்தது. எஞ்சினுக்கு ஒரு ஆணி முறுக்க நேரமில்லாமல், கதிர்காமநாதன் தும்மித் தும்மி மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்தார். வருகிறபோதெல்லாம் சார்ஜன்ட் எஞ்சினை எட்டிப் பார்த்து, "தாம நெத்த?" என்று கேட்பான். இன்னும் இல்லையா?

"இவனுக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்று கதிர்காமநாதன் பல்லைக் கடித்தார். தீபாவளி கிட்ட வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவருக்கே ஒரு மூளை வேலை செய்தது. "இஞ்சேரும், மில்லை வத்தளைக்கு மாத்தப் போறம் எண்டு அவனுக்குச் சொல்லும்."

சொன்னாள். மறுநாள் காலை பொலிஸ் ட்ரக் ஒன்று வாசலில் நின்றது. சார்ஜன்டே ஆள் பிடித்து எஞ்சினை ஏற்றினான். களனிப் பாலத்தில் காவலுக்கு நின்றவன் முன்சீற்றில் சார்ஜன்டைக் கண்டதும் சல்யூட் அடித்தான். பின்னால் எஞ்சின் மேல் குந்தியிருந்த கதிர்காமநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முழு அரசாங்கத்தையும் பேய்க்காட்டிவிட்டேன், மடையன்கள், என் வள்ளத்துக்குத் தாங்களே எஞ்சின் காவுகிறார்கள்! அப்படியொரு சந்தோசம் அவருக்குக் கலியாணத்தன்றும் வந்ததில்லை.

சந்தோசம் பற்றிக்கின் வளவு வரைக்கும்தான்.

வான் வண்டியில் இருக்கிற மாதிரியே றேடியேற்றரோடு எஞ்சினைப் பூட்டினார்கள். றோட்டிலென்றால் எதிர்க்காற்றுப் பட்டுக் குளிரும். வள்ளத்தின் அடிவயிற்றில் ஏது காற்று? பத்து நிமிசத்தில் கொதித்து ஆவி கிளம்பியது. கோழிகள் ஊரைக் கூட்டின.

"சேர், சுத்திவர இவ்வளவு தண்ணி இருக்கே" என்றான் பற்றிக். "பம்ப் போட்டு எடுப்பமே?"

எடுத்தார்கள். தண்ணீரோடு கால்வாய்ப் பாசியும் வந்து குழாய் அடைத்து முன்னையிலும் மோசமாய்க் கொதித்தது. குழாய் வாய்க்கு வலை கட்ட என்ன செய்யலாம் என்று யோசித்தபடி மறுநாள் தன் பையைத் திறந்தால், ஸ்பானர்களுக்கு மேல் கனகேஸ்வரியின் மா அரிதட்டு இருந்தது. எப்படி விழுந்ததோ, அவள் தேடமுதல் பூட்டிவிடுவோம் என்று அவசரமாய்ப் பூட்டினார். பாசி அரிபட்டது. எஞ்சின் குளிர்ந்தது.

அடுத்தது கியர். வள்ளத்து கியர்ப்பெட்டிக்கு எங்கே போவது? வான் வண்டியின் கியர்ப்பெட்டியையே பூட்டினார்கள். கதிர்காமநாதன் முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். வள்ளம் கம்பீரமாய்ப் பின்னுக்குப் போய்ப் பற்றிக்கின் மாட்டுக்கொட்டிலில் இடித்தது.

"சேர், அது ரிவேஸ்!"

"இல்லையடா, முதலாவது!"

இரண்டாவதும் பின்னுக்கு. மூன்றாவதும் பின்னுக்கு, இன்னும் கெதியாய். நாலாவதைப் பரீட்சிக்கப் பற்றிக் விடவில்லை. பிறகுதான் விளங்கியது, வள்ளத்தின் அடியில் சுழன்று தள்ளுகிற பற்றிக்கின் பழைய விசிறி மற்றப் பக்கம் சுழல்கிற எஞ்சினுக்குச் செய்தது. ரிவேஸ் போட்டால் மட்டும் முன்னுக்குப் போகும், அதுவும் ஆமை வேகத்தில். புது விசிறிக்கு மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டால் அடையாள அட்டை காட்டவேண்டும்.

தீபாவளிக்கு முதல்நாள் காலை கனகேஸ்வரி கரையில் வந்து நின்றாள்.

"என்ன, பெட்டி கட்டட்டே?"

"கட்டும்! நீர் கட்டினதை நானே வந்து அவிழ்க்கிறன்!" என்று ரிவேஸைப் போட்டார் கதிர்காமநாதன்.

வள்ளம் முன்னுக்குப் புறப்பட்டது. கரையால் நடந்துபோன மனுசி ஒருத்தி அவரை முந்திக்கொண்டு போனாள். போனால் போகட்டும். எஞ்சின் உறுமியது, புகைத்தது, ஆனால் நிற்கவில்லை. மெல்ல மெல்லப் பாலம் வந்தது.

பாலத்தின் மேலிருந்து விசில் அடித்தது. துவக்கோடு ஒரு காவல்காரன். அவன் பக்கத்தில், ஐயோ, அதே மிளகாய்ச் சார்ஜன்ட்!

எல்லாம் முடிந்தது என்று கதிர்காமநாதனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயமும் போய்விட்டது. வள்ளத்தில் எழுந்து நின்றார். அந்த ஊரில் எவ்வளவு சத்தமாய்த் தமிழ் கதைக்கக் கூடாதோ அவ்வளவு சத்தமாய்க் கத்தினார்.

"மில்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! இது வள்ளம்! என்ர வள்ளம்! நான் ஒரு இடமும் ஓடிப்போக இதைச் செய்யேல்ல, இஞ்சை இருக்கத்தான் செய்தனான்! பிடிக்கிறதெண்டால் பிடி! ஆனா முதல் என்னைத் திரும்பிப் போய்ச் சேரவிடு. நாலு கியர் பின்னுக்கு இருக்கு, ஒரு நிமிசத்தில போய்டுவன்!"

சார்ஜன்ட் பக்கத்திலிருந்தவனின் துவக்கைக் கையால் தாழ்த்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அரைகுறைத் தமிழில் சொன்னான்:

"கத்த வேணாம் மாத்தயா, கெதியாப் போங்க. இண்டைக்கும் நோனா சொல்லித்தான் நான் இங்க வந்தது. உங்கட நோனா முதல் நாளே பெட்டிக்குப் பின்னால நிண்டு சொன்னது, 'இது வள்ளம், இது ஓடாட்டி எனக்குக் கனடா போகவேண்டி வரும், மகளுக்கு மாட்டன் சொல்ல எனக்கு ஏலாது, ஓடும்வரைக்கும் இந்த மனுசனை ஒருத்தரும் பிடிக்காமப் பாத்துக்கொள்ளுங்க, மிரிஸ் தூள் எவ்வளவும் நான் தாறன்' எண்டு."