தகடு புதைத்த தூண்

படகுத்துறைக் கட்டுமானத்தில் அன்று வேலை நடக்கவில்லை, அற்புதம் நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் முதல் கிரேன் ஓட்டுநர் வரை கைகட்டி நிற்க, மண்காது மகான் தரையில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருந்தார். மண் தம்மிடம் மட்டும்தான் பேசும் என்பார். நம்மிடம் ஏன் பேசுவதில்லை என்றால், அதற்கு வாய் கிடையாது!

எழுந்து காதைத் துடைத்தார் மகான்.

"மண்ணு கோபமா இருக்கு. படகு வந்து பக்கவாட்டுல இடிச்சா தூண் சாயும். தூணைச் சுத்திக் குழி தோண்டி என் செப்புத்தகட்டைப் புதைங்க. மண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும்."

ஒப்பந்தக்காரர் உருகிவிட்டார். முன்பு கட்டிய துறையில் ஒரு தூண் சாய்ந்து, ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. தகடு இருக்க, பொறியாளரான மருமகள் கேட்கும் கூடுதல் தூண்கள் எதற்கு?

"மாமா, இதுல ஏறி இறங்கப்போறது ஜனங்க. ஒரு சோதனை பண்ணிடலாம்" என்றாள் மருமகள்.

"மகானையே சோதிக்கிறதாம்மா?"

"தாராளமா சோதிக்கட்டும்!" என்றார் மகான். கூட்டத்துக்கு முன்னால் வேறென்ன சொல்வார்?

கரையில் ஒரே கனம், ஒரே ஆழத்தில் இரண்டு தூண்கள். ஒன்றுக்குக் குழி தோண்டித் தகடு வைத்து மூடினார்கள், மற்றதைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஜாக்கியைப் படுக்கவைத்து, ஒவ்வொரு தூணிலும் நகர்வை அளக்கும் முள்மானியைப் பொருத்தினாள் மருமகள்.

"ரெண்டு பக்கமும் ஒரே பலத்தோடதான் தள்ளும். எது எவ்வளவு நகருதுன்னு முள்ளு காட்டும்."

ஜாக்கி முனகியது. தகடில்லாத தூண் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தது. மகானின் தூண் பதினொன்று!

"நம்பாதவங்க நின்னா மண்ணு ஊமையாயிடும்" என்றார் மகான்.

"அப்போ படகுல வர்றவங்க நம்பிக்கைச் சான்றிதழ் காட்டணுமா ஐயா?" என்றார் கிரேன் ஓட்டுநர். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"பக்கவாட்டுல தள்ளும்போது தூணை முக்கியமாத் தாங்குறது மேல்மண்ணு மாமா. அதைத்தான் இவரு தோண்டி இளக்கிட்டாரு" என்றாள் மருமகள்.

ஒப்பந்தக்காரரே மண்ணைக் கிளறித் தகட்டை எடுத்தார். நகத்தால் சுரண்டினார். செம்புப் பூச்சு பூசிய தகரம்! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து தேடினால் மகானைக் காணோம்.

"குழியை நல்லா இடிச்சு மூடுங்கப்பா. நீ கேட்ட தூணையெல்லாம் போட்டுடலாம்மா."

கைகூப்ப ஒரு நொடி போதும். சோதித்துப் பார்க்கக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரச் சோம்பலில்தான் ஐயா, மகான்கள் கொழுக்கிறார்கள்!