ஜெஸீமா சும்மா நடக்கப் போனது

“எங்கை வெளிக்கிட்டியள், ஜெஸீமாக்கா?”

படலையைத் திறந்து ஒரு காலைத்தான் ரோட்டில் வைத்திருந்தாள் ஜெஸீமா. மற்றக் கால் இன்னும் வளவுக்குள்ளேயே நின்றது. அதற்குள் பக்கத்து வீட்டு மாகிரட்டின் தலை வேலிக்கு மேலால் எழும்பிவிட்டது.

“சும்மா நடக்கப் போறன், மாகிரட்.”

“சும்மாவோ?”

“ஓம், சும்மாதான்.”

மாகிரட் கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். துறைமுகத்துப் பக்கத்தில் சனம் மீன் வாங்க நடக்கும், வேலைக்கு நடக்கும், மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க நடக்கும். விடியக் காலமையில் ஒரு குடும்பப் பெண் வெறுங்கையோடு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சும்மா நடக்கிறாள் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா?

“முகமெல்லாம் வாடிக் கிடக்குது. உள்ளுக்கு வாங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“ஐயோ, எனக்கு நேரமில்ல.”

“சும்மா நடக்கிற ஆளுக்கு என்ன நேரம்?”

ஜெஸீமா மாகிரட் வீட்டுப் படலையைத் திறந்தாள். உள்ளே போனாள்.

பாவம், அவள் என்ன செய்வாள்! முந்தின நாள்தான் கிளினிக்கில் அந்த அநியாயம் நடந்தது. மருந்தெடுத்துக் கொடுக்கிற ஜமால்தீன், சின்னக் கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரையும் அவள் கொடுத்த சிறுநீரையும் கலந்து விளக்கில் பிடித்தான். நீலமாகவே நின்றால் சுகம். பச்சை வந்தால் பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஜெஸீமாவின் குழாய் புதுச் செங்கல்லாகவே வந்து நின்றது.

“நூற்றி அறுபத்திரண்டு இறாத்தல்,” என்று தராசைப் பார்த்துச் சொன்னான் ஜமால்தீன்.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. “ஒரு மாதம் தாறன். சீனியை வாயில வைக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் விடிய அரை மணித்தியாலம் நடக்க வேணும். எட்டு இறாத்தல் குறைச்சுக்கொண்டு வாங்க. இல்லாட்டி ஊசிதான்.”

“எத்தின ஊசி, டொக்டர்?”

“நாளுக்கு ஒண்டு. உயிரோட இருக்குமட்டும்.”

ஜெஸீமா கையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். மூன்று பிள்ளை பெற்றபோது ஒரு சத்தம் போடாதவள் அவள். ஆனால் ஊசி என்றால் வேறு கதை. பள்ளிக்கூடத்தில் அம்மைப்பால் குத்த வந்த நாளில் நெல்லுப் பெட்டிக்குள் ஒளித்திருந்து, பின்னேரமாகுமட்டும் வெளியே வராதவள்.

கூடப் போன புருசன் ஸைனுலாப்தீனையும் டொக்டர் விடவில்லை, தராசில் ஏற்றினார். நூற்றி எண்பத்து நாலு.

“நீங்களும் நடந்தால் நல்லது.”

“நானா? நான் துறைமுகத்தில வேலை செய்றவன், டொக்டர். எனக்கு நாள் முழுக்க நடைதான்,” என்று வயிறு குலுங்கச் சிரித்தார் அவர். துறைமுகத்தில் அவருடைய வேலை, நிழலில் கதிரை போட்டுக் குந்தியிருந்து, இறங்குகிற மூடைகளுக்குக் கொப்பியில் கோடு போடுவது. அதை ஜெஸீமா டொக்டரிடம் சொல்லவில்லை. புருசனை அந்த இடத்தில் விட்டுக் கொடுக்க ஏலுமா?

வீட்டுக்கு வந்ததும் அவள் பழைய பேப்பர்க் கட்டைக் கிளறினாள். பெண்கள் பக்கத்தில் எப்போதோ கண்ட ஒரு துண்டு கிடைத்தது. ‘பெண்மணிகளே! வீட்டில் எல்லோரையும் பார்க்கிறீர்கள். உங்களைப் பார்ப்பது யார்?’ என்று தலைப்பு. விடிய நட, தண்ணீர் குடி, பகலில் கொஞ்சம் கண்ணயர், மனதை அமைதியாக வைத்திரு என்று கீழே வரிசையாகப் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருசக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. வாசித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அடுப்பில் மீன் ஆணமும் அடிப்பிடித்துவிட்டது. துண்டைக் குசினிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினாள். அந்த அரை மணித்தியாலம் என்னுடையது, அதில் ஒருத்தரும் கை வைக்க ஏலாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாளே மாகிரட் கை வைத்துவிட்டாள்.

அது சீனிக்குத் தட்டுப்பாடான காலம். கூப்பனுக்குக் கிடைக்கிற சீனியை வீட்டுக்காரர் தொடமாட்டார்கள். வாற ஆக்களுக்கென்று போத்தலில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பார்கள். அந்தப் போத்தலை ஒருத்தி உங்களுக்காகத் திறக்கிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய மரியாதை! வேண்டாம் என்றால் அந்த வீட்டு வாசற்படியை இனி மிதிக்க வேண்டாம்.

மாகிரட் மூன்று கரண்டி போட்டாள். ஜெஸீமா ‘பிஸ்மி’ சொல்லிக் குடித்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, வீட்டில சண்டையோ?”

“அல்லாஹ்வே, அப்பிடி ஒண்டுமில்ல!”

“சரி, சரி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

அன்று பகலுக்குள் அந்த ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வெறுங்கையோடு போனதால்தான் இந்தக் கதை என்று ஜெஸீமாவுக்குப் பட்டது. அடுத்த நாள் பன் புல்லில் இழைத்த பையொன்றைத் தோளில் கொழுவிக்கொண்டாள். மார்க்கட்டுக்குப் போறா என்று நினைக்கட்டும். பையில் பாரம் இருந்தால்தானே நம்புவார்கள் என்று இரண்டு பழைய சீலையையும் உள்ளே அடைத்தாள்.

மார்க்கட் ஒரு பக்கம் இருந்தது. நல்ல காற்று வருகிற கடற்கரை ரோடு மற்றப் பக்கம் இருந்தது. அந்த ரோட்டின் முடிவில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு நிற்கிற இறங்குதுறை. மூதூரில்தான் ஜெஸீமாவின் உம்மா வீடு. இதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. ரோட்டில் நின்றவர்கள் யோசித்தார்கள்.

பாதி வழியில் மச்சி ஸுல்பிகா, ஸைனுலாப்தீனின் தங்கச்சி, தலைமயிரைக்கூட முடியாமல் ஓடி வந்து பையைப் பிடித்தாள். சீலைத் தலைப்பு வெளியே எட்டிப் பார்த்தது.

“மச்சி! உடுப்பும் எடுத்திட்டீங்களா?”

“இது பாரத்துக்கு, புள்ள.”

“உங்கட மனப்பாரம் எனக்கு விளங்குது. என்ட கூடப்பிறந்த காக்கா சின்ன வயசிலயே அப்பிடித்தான், வாய் சரியில்ல. வாங்க உள்ள.”

தேத்தண்ணியும் ரவைக் கேக்கும் வந்தன. கேக்கில் ஒரு துண்டு போதும் என்றதும் ஸுல்பிகா அழத் தொடங்கினாள். ஜெஸீமா மூன்று துண்டு தின்று அவளை ஆற்ற வேண்டியதாகப் போயிற்று.

மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஸுல்பிகாவிடம் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

“எனக்குச் சீனி வருத்தம், மச்சி. சீனி தொடக்கூடாதாம். அதுக்குத்தான் நடக்கிறன்.”

“ஆர் தொடக்கூடாதெண்டு சொன்னது?”

“டொக்டர். உங்கட காக்காவும் பக்கத்தில நிண்டவர்தானே. வீட்டில சீனிப் போத்தலை அவர்தான் பூட்டி வச்சிருக்கிறார்.”

இந்தக் கதை ஸுல்பிகாவின் வாயிலிருந்து கிளம்பி நாலு வீடு தாண்டுவதற்குள் டொக்டர் கழன்று விழுந்துவிட்டார். ஸைனுலாப்தீன் பொஞ்சாதிக்குச் சீனி கொடுக்காமல் பூட்டி வைக்கிறான் என்பது மட்டும் மிஞ்சியது.

பிறகென்ன! கடற்கரை ரோட்டில் வீட்டுக்கு வீடு அவளுக்காகப் போத்தல் திறந்தது. “எங்கட வீட்டில ஆசைக்குக் குடிங்க, ராத்தா,” என்று நாலு கரண்டி போட்டார்கள். ஒரு வீட்டில் பருத்தித்துறை வடை கிடைத்தது, இன்னொரு வீட்டில் இனிப்பான தொதல். ஒரு வீட்டில் குடித்து அடுத்த வீட்டில் குடிக்காமல் போக முடியுமா? அரை மணித்தியால நடைக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது.

கோட்டைப் பக்கத்து மைதானத்தில் மான்கள் மேய்ந்துகொண்டு நின்றன. ஜெஸீமாவுக்கு அவற்றைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ‘இதுகளும் விடியக் காலமையில சும்மாதான் நடக்குது. எங்க போறாய், வா தேத்தண்ணி குடி எண்டு ஆராவது கேக்கிறானா?’

வேகமாக நடந்தால் ஒருத்தரும் மறிக்க மாட்டார்கள் என்று ஒரு நாள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எட்டு வைத்தாள். இறங்குதுறையில் லோஞ்ச்காரன் லாபிர் அதைக் கண்டுவிட்டான்.

“கயிறை அவிழ்க்காதே! ராத்தா பாஞ்சு வாறா!”

முழு லோஞ்சும் அவளுக்காகக் காத்து நின்றது. கோழிக் கூடையோடு இருந்த ஒரு மனுசி நெருங்கி இருந்து இடமும் விட்டாள்.

“நான் வரேல்ல, லாபிர். நான் நடக்கிறன்.”

“மூதூருக்கு நடந்தா போகப் போறீங்க?”

“நான் மூதூருக்கே போகேல்ல!”

“மனசு மாறிட்டீங்க! அல்ஹம்துலில்லாஹ்!” என்றான் லாபிர். லோஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். ‘புருசனோட சமாதானமாப் போங்க புள்ள’ என்று கோழிக்கூடை மனுசி கையசைத்தாள். பக்கத்துக் கடைக்காரர் சந்தோசத்துக்கு ஒரு சீனிப் பணிஸை நீட்டினார். ஜெஸீமாவுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே பணிஸைத் தின்றாள்.

வீட்டில் நடந்ததோ இன்னும் விசித்திரம். அவள் படலையைத் தாண்டின கையோடு ஸைனுலாப்தீனும், “நான் பேக்கரியில பாணுக்குக் கியூவில நிக்கப் போறன்,” என்று வெளிக்கிடுவார். அவள் வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவார். சேட் முதுகோடு ஒட்டியிருக்கும். செருப்பெல்லாம் கடல் மண். கையில் பாண் இருக்காது.

“பாண் எங்க?”

“முடிஞ்சுது.”

“பத்து நாளா முடிஞ்சுதா?”

“சனம் கூட, என்ன செய்ய? நீங்க… நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?”

ஜெஸீமா திடுக்கிட்டுப் போனாள். நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து ‘நீ’ தான். இப்போது என்ன ‘நீங்க’? மனுசன் ஆணத்துக்கு உப்புக் காணாது என்றும் சொல்வதில்லை. ஒரு பின்னேரம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். இன்னொரு நாள், “என்னில ஏதும் குறையிருந்தா மூஞ்சிக்கு நேர சொல்லுங்க, என்ன?” என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பெல்ட்டுக்கு ஆணியால் புது ஓட்டை போடுவதையும் கண்டாள். இந்த மனுசனுக்கு என்ன வந்தது? ஏதோ பெரிய வருத்தத்தை மறைக்கிறாரோ? மனதை அமைதியாக வைத்திரு என்று சுவரிலிருந்த துண்டு சொன்னது. அவள் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

ஆனாலும் நடையை விடவில்லை. ஊசிப் பயம் விட்டால்தானே! மழை நாளிலும் குடை பிடித்துக்கொண்டு போனாள். ரோட்டுச் சனமும் அவளைக் கைவிடவில்லை. மழைக்கென்று இஞ்சியும் போட்டுக் கொடுத்தார்கள்.

மாதம் முடிந்தது. இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். ஜெஸீமா தராசில் ஏறுமுன்னம் காப்பைக் கழற்றினாள், செருப்பைக் கழற்றினாள், மூச்சையும் விட்டுவிட்டு ஏறினாள்.

“நூற்றி அறுபத்தேழு,” என்றான் ஜமால்தீன். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஒளித்திருந்தது. அவனும் கடற்கரை ரோட்டுக்காரன், ஒவ்வொரு நாளும் சைக்கிளில் அந்த வழியால்தான் வேலைக்கு வருகிறவன்.

குழாயும் செங்கல் நிறமாகத்தான் நின்றது.

“ஐந்து இறாத்தல் கூட!” டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். “நீங்க நடக்கவே இல்லை.”

“நடந்தனான், டொக்டர்! அல்லாஹ் சத்தியமா ஒரு நாள் விடாம நடந்தனான்! கேளுங்க, ரோட்டில எல்லாருக்கும் தெரியும்!”

“நடந்தால் இப்பிடி ஏறாது. நாளைக்கு விடிய வாங்க, ஊசி தொடங்குவம்.”

ஜெஸீமா வாங்கில் இருந்துவிட்டாள். ஒரு மாதப் பாடு, ஊர்க் கதை, பட்ட வெட்கம், எல்லாம் வீணாகப் போச்சே என்று முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள்.

“அடுத்தது நீங்க,” என்றார் டொக்டர்.

ஸைனுலாப்தீன் தயங்கித் தயங்கி ஏறினார். ஜமால்தீன் தராசின் குண்டை இடப்பக்கம் தள்ளினான். பிறகும் தள்ளினான்.

“நூற்றி எழுபத்திரண்டு.”

டொக்டர் எழுந்து வந்து தானே பார்த்தார். “பன்னிரண்டு இறாத்தல் குறைஞ்சிருக்கு! என்ன செய்தீங்க?”

“நான்… பாண் கியூவில…”

“கியூவில நிண்டால் கால்தான் வீங்கும், இறாத்தல் குறையாது.”

ஸைனுலாப்தீன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பொஞ்சாதியின் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெஸீமாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “இது என்ன நீதி?” என்று குரலெடுத்தாள். “ஒரு மாதமா நடந்தது நான், குறைஞ்சது இவரா?”

ஜமால்தீன் குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “நடந்ததும் இந்தக் காக்காதானே ராத்தா! நீங்க வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும், லோஞ்சேறி உம்மா வீட்டுக்குப் போயிருவீங்களோ எண்ட பயத்தில, அவர் வெளிய ரோட்டில மேலயும் கீழயும் நடந்துகொண்டெல்லோ நிண்டவர்!”