முன் பெஞ்சு, பின் பெஞ்சு, நடுவில் பிரெஞ்சு

என் மகள் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும். பிரெஞ்சு மட்டும் படிக்கக் கூடாது. குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் எடுத்த முதல் முடிவு இது. மற்ற முடிவுகளையெல்லாம் தலைவி எடுத்துவிடுவாள்.

இரண்டாம் வகுப்பிலிருந்தே வெளிநாட்டு மொழி சொல்லித்தரப் போகிறார்களாம். பிரெஞ்சு அல்லது ஜெர்மன். மனைவி சாவகாசமாகத்தான் சொன்னாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு தையல் கடை மாடியில், மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவர்கள். அவள் முன் பெஞ்சு. நான் பின் பெஞ்சு. நடுவில் பிரெஞ்சு. கீழே தையல் மிஷின் படபடக்கும், மேலே என் நெஞ்சு. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஜன்னலைத் திறக்கலாமா?" என்று அவளிடம் பிரெஞ்சில் கேட்டேன். கேட்க நினைத்தது வேறு. அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை. அவள் சிரித்துக்கொண்டே திறந்தாள். அடடா, அந்தக் காற்று! இன்றைக்கு நினைத்தாலும் மனசு குளிர்ந்துபோகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு ஆட்சிமொழிகள். தமிழில் திட்டுவாள், பிரெஞ்சில் கொஞ்சுவாள். தமிழில் நான் "உங்களைத்தான், காது கேக்குதா?" பிரெஞ்சில் "என் செல்லம்." பாப்பா பிறந்த பிறகு அது எங்கள் ரகசிய மொழியும் ஆயிற்று. அவளுக்கும் அது புரிந்துவிட்டால் இவள் கொஞ்சுவாளா? எனக்கு மிஞ்சுவது தமிழ் மட்டும்தான். தாங்குமா இந்த உடம்பு?

ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டு திட்டம் போட்டேன். முதலில் பாப்பா.

"பாப்பா, நீ ஜெர்மன் படிக்கிறியா?"

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமாப்பா?"

"ஒரு எழுத்துகூடத் தெரியாதும்மா."

"அப்ப சரி."

இவ்வளவு சுலபமா! அடுத்தது மனைவி.

"ஏம்மா, பாப்பாவை ஜெர்மன்ல சேர்ப்போமா? அதுக்குத்தான் எதிர்காலம்."

"உங்க இஷ்டங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

மொழி டீச்சரின் கையில் ஒரு முயல் பொம்மை மாட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முயல்தான் பாடம் நடத்துமாம்.

"ஜெர்மனா? பாப்பாவோட அம்மா அப்பவே வந்து சேர்த்துட்டாங்களே சார். வகுப்பு ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு."

"என்னது!"

"முதல்ல பிரெஞ்சுலதான் உக்கார வச்சேன். மத்த பசங்கல்லாம் முயல்கிட்ட வணக்கம், சிவப்பு, பச்சைன்னு சொல்லுதுங்க. உங்க பொண்ணு மட்டும் அது காதுல, 'செல்லம், பாப்பா தூங்கட்டும், நாம ஐஸ்கிரீம் சாப்பிடலாம்'னு பிரெஞ்சுல பேசுது. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்லிக்குடுக்க? அதான் அம்மாவை வரச்சொல்லி ஜெர்மனுக்கு மாத்திட்டோம்."

முயல்கூட என்னைப் பார்த்து இளித்த மாதிரி இருந்தது. காலரை இறக்கிவிட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

"பாப்பாவுக்குப் பிரெஞ்சு புரியுமா?"

"ரெண்டு வருஷமாப் புரியும்."

"அடிப்பாவி! ஏன் என்கிட்ட சொல்லல?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "சொன்னா நீங்க பேசறதை நிறுத்திடுவீங்க. அதுல பேசும்போதுதாங்க நீங்க அந்தப் பின் பெஞ்சுப் பையனாவே இருக்கீங்க."

இவளையா ஏமாற்றப் பார்த்தேன்! மனம் உருகி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பாப்பா ஓடி வந்து அம்மாவிடம் என்னவோ சொன்னாள். தமிழ் இல்லை. பிரெஞ்சும் இல்லை. அம்மாவும் அதே பாஷையில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னடி இது?"

"ஜெர்மன்ங்க. பிள்ளையோட சேர்ந்து வீட்டுல யாராவது ஒருத்தரும் படிக்கணுமாம். நான் படிக்கிறேன்."

"அப்ப நான்?"

"நீங்க பிரெஞ்சுலயே பேசுங்க செல்லம். எங்க ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியும்."