எடைமேடைக்காரன் மகளும் ஆறு கோழிகளும்

மதிப்புக்குரிய பெரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கோழிகள் ஆறும் சௌக்கியம். நான்தான் இல்லை.

விஷயம் இதுதான்: உங்கள் தங்கையின் கோழிகளை வந்து பிடித்துக்கொண்டு போய்விடுங்கள். மூன்று வயதாகியும் பாப்பாவுக்கு எடை ஏறவில்லையா, எங்கள் தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸம்மா அப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஆளுக்கு ஆறு முட்டைக் கோழியும் கீரை விதையும் கொடுத்தார். அன்றோடு இந்த வீடு என் வீடு இல்லை. நான் நாற்காலி போட்டு உட்காரும் இடம் கீரைப் பாத்தி ஆகிவிட்டது. ஸ்கூட்டர் சீட்டில் ஒரு கோழி குடியிருக்கிறது. என் பேண்டின் பின்பக்கம் ஆபீஸில் பிரசித்தம். முட்டையெல்லாம் பாப்பாவுக்குத்தான். ஒன்றே ஒன்று கேட்டதற்கு, "உங்களுக்கென்ன மூணு வயசா?" என்கிறாள் உங்கள் தங்கை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். இன்று காலை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட்டார்கள். இந்த மாதமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். பயத்தில் புத்தி கெட்டு, கோழிக்கூட்டின் இரும்புப் பூட்டைக் கழற்றிப் பாப்பாவின் கவுன் பைக்குள் போட்டுவிட்டேன். பதினோரு வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்து, மூட்டைக்குள் கல் வைக்கும் லாரிக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பவன் நான்! நர்ஸம்மா ஒரே நொடியில் பிடித்துவிட்டார். "ஏன் சார், நீங்க எடைமேடையிலதானே வேலை பாக்கறீங்க?" என்றார். தெருப் பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பாவோ பூட்டைத் தரமாட்டேன் என்று அழுது ஊரையே கூட்டிவிட்டாள். "சாயந்திரம் வீட்டுக்கே வந்து எடை போடறேன்" என்று நர்ஸம்மா எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், பூட்டில்லாத கூட்டிலிருந்து கோழிகள் கிளம்பிக் கீரைப் பாத்தியை மொட்டையடித்திருந்தன. உங்கள் தங்கை இப்போது கோழிகளோடுதான் பேசுகிறாள், என்னோடு பேச்சில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நர்ஸம்மா வந்துவிட்டார். கவுனையே கழற்றிவிட்டுத்தான் எடை போட்டார். அரைக் கிலோ ஏறியிருக்கிறது, மச்சான்! நானே மூன்று தடவை முள்ளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வேண்டாமாம். உங்கள் தங்கை அடுப்படிக்குள் போய் அழுதாள். நானும் பின்னாலேயே போய் அழுதேன். ஆகவே கோழி பிடிக்க வர வேண்டாம். வந்தாலும் பிடிக்க முடியாது. மடியை விட்டு இறங்காத பிள்ளை இப்போது அவற்றை வாசலெல்லாம் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். பின்னால் ஓடி ஓடி எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.