பள்ளத்துக்கேற்ற உயரம்

எங்கள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. சாலை என்று இருந்தால் பள்ளம் இருப்பது இயல்புதான், அதை ஒரு குறையாகச் சொல்லக்கூடாது. ஆனால் என் மகனுக்கு இரண்டு வயது. சளி பிடித்தால் அவன் நெஞ்சு விசில் அடிக்கும். விசில் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடி மூக்கில் மாஸ்க் போட்டு ஆவி மருந்து கொடுக்கவேண்டும். போன தடவை ஓடியபோது எங்கள் பிக்கப் வண்டி அந்தப் பள்ளத்தில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. மீதித் தூரத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடிக் கடந்தேன். அன்றிலிருந்து அவன் சும்மா தும்மினாலும் நான் செருப்பைத் தேடுகிறேன்.

ஆகவே பொறுப்புள்ள குடிமக்கள் செய்வதைச் செய்தேன். சாலைப் பள்ளப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரியின் மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் மடித்த அட்டை வைத்திருந்தார்கள். கான்வென்ட் பழக்கம் போகுமா, "குட் மார்னிங் சார்" என்றேன். மணி மூன்று.

"புகாரா, பாராட்டாம்மா?"

"புகார்தான் சார். ஆஸ்பத்திரி ரோட்டுல பெரிய பள்ளம். கொஞ்சம் மூடிக் குடுங்க, ப்ளீஸ்."

"அது பள்ளம்னு யார் முடிவு பண்ணினது?"

"எங்க வண்டி தட்டி நின்னுடுச்சு சார்."

"அப்படியா, என்ன வண்டி?"

சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, மந்தமான பிள்ளைக்குப் பாடம் எடுப்பது போல் ஆரம்பித்தார்.

"பாருங்கம்மா. வண்டிக்கும் தரைக்கும் நடுவுல இடைவெளி வேணும். அது பத்தலன்னா, ஒண்ணு தரை மேல ஏறி வந்திருக்கணும், இல்ல வண்டி கீழ இருக்கணும். பள்ளத்துல தரை மேலயா வந்திருக்கு? கீழ போயிருக்கு. ஆக, தரை தன் பங்குக்கு விலகி வழி விட்டாச்சு. விலகாம அடம் பிடிக்கிறது உங்க வண்டிதான்."

யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பள்ளியிலேயே கணக்கு சுமார். தப்பு எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை.

"அப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"வண்டியை உசத்துங்க. தட்டாம கடந்துட்டா அது ரோடு. தட்டினாத்தான் பள்ளம். அதுதான் எங்க வரையறை."

இதைக் கேட்டால் என் கணவர் மேசையைத் தட்டிக் கத்துவார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் முகம் கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்ததில்லை.

"கவர்மென்ட்டே சொல்லிடுச்சா? உசத்தச் சொல்லியா?"

அப்புறம்தான் புரிந்தது. எங்கள் தெருவில் ஏற்கெனவே வண்டியை உயர்த்தும் மோகம் பரவியிருந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எங்கள் மாடி பாத்ரூம் ஜன்னல் அவர் கண்ணுக்கு நேராக வரும். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சு விடுவதற்கென்று வண்டியின் தலைக்கு மேல் ஒரு குழாயும் வைத்திருந்தார். அந்த வண்டி இதுவரை போன மிகத் தொலைவான இடம் சலவைக் கடை. என் கணவர் தினமும் அந்தக் குழாயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாளே பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரரை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கண்டாலும் தூக்கிவிடத் துடிப்பவர்.

"இப்ப இருக்கிறது முப்பது இஞ்ச் டயர்," என்றார் ஜாக்கி. "முப்பத்தி மூணு போடலாம். அதுக்கு வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்கினா போதும். தூக்காம போட்டா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் மட்கார்டுல உரசும்."

"சரிண்ணே, ரெண்டு இஞ்ச் தூக்கிடுங்க," என்றேன்.

ஜாக்கி என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு இஞ்ச்லாம் வெளிய தெரியாது தங்கச்சி. தூக்கினோம்னு நாமதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லணும். நாலு தூக்கினா முப்பத்தஞ்சு டயர் உக்காரும். ஆறு தூக்கினா..." அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"ஆறு தூக்கினா?"

"மரியாதை!"

எனக்கு மரியாதை பற்றிக் கவலை இல்லை. "தட்டினது அடியில, பின் சக்கரம் ரெண்டையும் சேர்க்கிற தண்டுக்கு நடுவுல இருக்கிற குண்டு. ஆறு இஞ்ச் தூக்கினா அந்தக் குண்டு எவ்வளவு மேல போகும்?"

"அது போகாது. நாம தூக்கறது பாடியை மட்டும்தான். குண்டு உசரணும்னா டயர் பெருசாகணும். டயர் அஞ்சு இஞ்ச் பெருசானா, குண்டு ரெண்டரை உசரும்."

"அப்ப ஆறு இஞ்ச் எதுக்கு?"

"டயர் உள்ள நுழையறதுக்கு நாலு. பாக்கி ரெண்டு, பாக்கறவங்களுக்கு."

"வளைவுல திரும்பும்போது சாயாதா?"

"மெதுவாத் திரும்பணும்."

"அண்ணே, குழந்தைக்கு மூச்சுத் திணறும்போது அவசரமாப் போறதுக்குத்தான் கேக்கறோம்."

"அவசரமாப் போங்க, யார் வேணாங்கிறா? மெதுவா அவசரப்படணும்."

நாலு அங்குலத்தில் சமரசம் ஆயிற்று. வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் மாமியார் அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்டா, வண்டி வாங்கி வெச்சிருக்கியா, வாட்டர் டேங்க் கட்டி வெச்சிருக்கியா? இதுல நான் எப்படி ஏறுவேன்?"

"ஸ்டூல் போட்டுத் தர்றேம்மா."

"ஏற ஸ்டூல் போடுவ. இறங்கறதுக்குக் கிரேன் வெப்பியா?"

மாமியார் அன்றிலிருந்து வண்டி ஏறுவதில்லை. ஆனால் பள்ளத்தை நாங்கள் தட்டாமல் கடந்தோம். அதைப் பார்வையிட அதிகாரியே நேரில் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நாளில் அங்கே ஒரு பலகை முளைத்தது: 'இவ்விடத்தில் இருந்த பள்ளம் பொதுமக்களின் மேலான ஒத்துழைப்புடன் அகற்றப்பட்டது.' பலகைக்குப் பின்னாலேயே பள்ளம் இருந்தது. பலகையின் ஒரு கால் அதற்குள்தான் நின்றது.

இல்லாத பள்ளத்தில் பிறகு பலர் விழுந்தார்கள். ஒரு ஆம்புலன்ஸ் விழுந்தது. சாலையில் அநாவசியமாகச் சாய்ந்து நின்றதற்காக அதன் டிரைவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "மூடச் சொல்லிக் கேட்ட புண்ணியவதி எந்த வீடு?" என்று சிலர் எங்கள் வாசலிலேயே வந்து விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு நேராக ஜாக்கியிடம் போனார்கள். மழையில் பள்ளம் இன்னும் ஆழமாயிற்று. நாங்களும் போய் ஆறு அங்குலம் தூக்கி, முப்பத்தேழு டயர் போட்டுக்கொண்டோம். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

உயர்ந்த வண்டிகள் வரிசையாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து முகப்புக் கூரையில் இருந்த விளக்குகளை உடைத்தன. ஆஸ்பத்திரி நிர்வாகம் வெகுவாக ஆலோசித்து, வாசலில் குறுக்காக ஓர் இரும்புச் சட்டத்தை அமைத்தது. அதைவிட உயரமான வண்டி உள்ளே போக முடியாது. இது எங்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

ஒரு மத்தியானம் அவன் நெஞ்சு விசில் அடித்தது. சாதாரண விசில் இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே இழுத்தது. நான் ஸ்டூலில் ஏறி, வண்டியில் ஏறி, அவனை மடியில் அணைத்துக்கொண்டேன். என் கணவர் மெதுவாக அவசரப்பட்டார். பள்ளம் வந்தது. வண்டி அதில் இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. அந்த நிலைமையிலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கையைக் காட்டினார்.

"உசரம் ஜாஸ்தி சார். இறக்கிட்டு வாங்க."

"குழந்தையை இறக்கத்தான்யா வந்திருக்கோம்!"

"நான் வண்டியைச் சொன்னேன்."

ஸ்டூல் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. என் கணவர் குதித்து இந்தப் பக்கம் வந்து கையை நீட்டினார். எட்டவில்லை. நான் கதவில் தொங்கியபடி அவனைக் கீழே நீட்டினேன். அவன் அழவில்லை. அழுவதற்கு அவனிடம் மூச்சு இல்லை. அவர் கையில் அவன் விழுந்ததும் நானும் குதித்தேன். கணுக்கால் மடங்கியது. அவனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

நர்ஸ் மாஸ்க்கை வைத்தார். புகை வந்தது. விசில் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் வெறும் மூச்சாக ஆயிற்று. நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு மூச்சையும் நானே விட்டுக்கொண்டிருந்தேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தால் வாசலில் ஒரே கூட்டம். அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் இரும்புச் சட்டத்துக்கு நேர் கீழே தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"விஷயம் கேள்விப்பட்டேன்மா. மனசு கேக்கல," என்றார். "சட்டம் ஆஸ்பத்திரியோடது, அதுல நாங்க கை வெக்க முடியாது. தரை எங்களோடது. அதான் உடனே வந்துட்டோம்."

மனதாரச் சொல்கிறேன், அந்த அலுவலகம் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அழகான பள்ளம். நான்கு மூலையும் வெட்டிவிட்டாற்போல் இருந்தது. கூட்டம் கை தட்டியது. குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நானும் தட்டினேன்.

"சார் வண்டியே முதல்ல போகட்டும்!" என்றது கூட்டம்.

என் கணவர் ஏறி ஓட்டினார். முன் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கின. வண்டியின் தலை சட்டத்துக்குக் கீழே லட்சணமாக நுழைந்தது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். வயிறு விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அது ஒன்றுதான் வாசல். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்று அலறியது.

அதிகாரி முட்டி போட்டு அடியில் பார்த்தார். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஆதங்கத்தோடு கேட்டார்:

"ஏம்மா, வெறும் ஆறுதானா போட்டிருக்கீங்க?"

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஊருக்கே இடைஞ்சல். பிள்ளை வெச்சிருக்கிறவங்க இதுலயா சிக்கனம் பார்ப்பாங்க?" என்றார் யாரோ ஒரு பெரியம்மா. தோளில் அவன் இருமினான்.

"என்னங்க," என்று கத்தினேன். "ஜாக்கியண்ணனுக்குப் போன் போடுங்க. எட்டு போடச் சொல்லுங்க. எட்டு வேண்டாம், பத்தாவே போட்டுடச் சொல்லுங்க!"

"பத்துன்னா சட்டம் இடிக்குமே," என்றார் காவல்காரர்.

"இன்னும் கொஞ்சம் தோண்டிட்டாப் போச்சு," என்றார் அதிகாரி.

ஆட்கள் மறுபடியும் கடப்பாரையை எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்கூட இறங்கி வந்து, அவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.