ஜெர்மன் வகுப்பும் என் குதிரையும்

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் சௌக்கியம். நீ குத்துக்கல்லாட்டம் இருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் முறைக்குக் கேட்கிறேன், சௌக்கியம்தானே?

என் மகள் கல்யாணத்தில் ஜெர்மன்காரச் சம்பந்தியம்மாள் அவர் மொழியில் ஏதோ கேட்க, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே, அப்போது மண்டபமே அதிரச் சிரித்தவன் நீ. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பிலும் அதே கதைதான். மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள், நான் தலையாட்டுவேன். பெண் கொடுத்த இடத்தில் இப்படி ஊமையாக உட்கார்ந்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால்தான் பல்கலைக்கழகத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். அதற்கும் நீ, "அத்தான், ரிட்டயர் ஆனா சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று போனில் கெக்கலித்தாய். இப்போது கேள்.

அயல்மொழி வகுப்பு என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதே. பெஞ்சே கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள், எங்கே உட்கார்ந்தாலும் முதல் வரிசைதான். டீச்சருக்கு என் மகள் வயது. உள்ளே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை, கைதட்டிப் பாடினார், எல்லாரும் பாடினார்கள், நானும் பாடினேன், என்ன பாட்டு என்று இன்றுவரை தெரியாது. பிறகு ஜோடி ஜோடியாகப் பேசச் சொன்னார். என் ஜோடி, இன்ஜினியரிங் படிக்கிற பெண். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டாள். வீடு வீடாக மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன் என்பதை ஜெர்மனில் சொல்ல அகராதியைப் புரட்டினேன், புரட்டிக்கொண்டே இருந்தேன், வகுப்பு முடிந்துவிட்டது. அவமானமாகப் போய்விட்டது. இனி வருவதில்லை என்று கிளம்பியவனை டீச்சர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "சார், உண்மையத்தான் சொல்லணும்னு யாரு சொன்னா? பாடத்துல என்ன வார்த்தை இருக்கோ அத வச்சு அடிச்சு விடுங்க. பேச்சு நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார், நல்ல தமிழில்.

அடடா, எனக்கு அதைச் சொல்ல வேண்டுமா! பாடத்தில் விமானி இருந்தார், நான் விமானி ஆனேன். குதிரை இருந்தது, வாங்கி வளர்த்தேன். மருத்துவமனைப் பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கதை கேட்டார். வகுப்பிலேயே நான்தான் முதல், தெரிந்துகொள்!

போன ஞாயிறு அழைப்பு வந்தபோது மகள் கடைக்குப் போயிருந்தாள். திரையில் சம்பந்திகள் இரண்டு பேர் மட்டும். நான் அசரவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பட்பட்டென்று பதில். சம்பந்தி தொடையில் தட்டிச் சிரித்தார், சம்பந்தியம்மாளுக்கு ஒரு கட்டத்தில் கண்ணே கலங்கிவிட்டது, என் உச்சரிப்பு அப்படி. நாங்கள் விடைபெறும் நேரத்தில் வந்த மகள், காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "அப்பா, நீங்களா பேசுனீங்க? இவங்க யார்கிட்டயும் இவ்ளோ நேரம் பேசி நான் பாத்ததே இல்லப்பா!" என்றாள். பிறந்ததற்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். இனி யார் சிரிக்கிறார்கள், பார்க்கலாம்.

நோய்நொடி அண்டாமல், கைகால் சுகத்தோடு நீடூழி வாழ்க என்று உன்னை நானும் உன் அக்காவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
வகுப்பின் முதல் மாணவனாகிய
உன் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் மகள் அழைத்தாள், குரலே சரியில்லை. சம்பந்திகள் டிக்கெட் எடுத்துவிட்டார்களாம், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். குதிரையைப் பார்க்க. அதைவிட முக்கியமாக, எழுந்து நடக்க முடியாமல் என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் மைத்துனனைப் பார்க்க. சம்பந்தியம்மாள் அழுதது உச்சரிப்புக்காக இல்லையாம். நீயே உண்மையைச் சொல்லிவிடம்மா என்றால், "பேசத் தெரிஞ்சவரு நீங்களே சொல்லுங்கப்பா" என்கிறாள். மன்னிப்புக் கேட்பது அடுத்த பருவத்துப் பாடம், நான் என்ன செய்ய? குதிரைக்கு ஏதாவது வழி பார்த்துக்கொள்கிறேன். நீ வியாழக்கிழமையே வந்து படுத்துவிடு. உன் அக்கா கட்டில் போட்டுவிட்டாள்.