நம்பர் ஏன் துள்ளுது?

"எறங்குது! ஏய், நம்பரு எறங்குது பாரு!"

லாரிக் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கத்தினார் மணியம். எடைமேடைக்கு எதிரே அன்று காலைதான் மாட்டிய பெரிய டிவியில் அவருடைய லாரியின் எடை விறுவிறுவென்று ஏறி, ஒன்பதாயிரத்து நானூறு கிலோவைத் தொட்டு, ஒரு துள்ளு துள்ளி, ஒன்பதாயிரத்துக்கு இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் லேப்டாப் முன் இருந்த ஷாமளா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னாம்மா ஷாமளா, நானூறு கிலோ பழம் எங்க போச்சி? டிவி தின்னுடிச்சா?"

"ஐயோ இல்லண்ணே, அது அனிமேஷன்! நம்பரு கொஞ்சம் மேல போயிட்டுத் திரும்பி வந்து ஒக்காரும். பாக்க அழகா இருக்கட்டும்னு..."

"அழகு பாக்கவா நான் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சி பழக் கொல ஏத்திட்டு வந்தேன்?"

மணியத்தின் பின்னால் வரிசையில் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் பரஞ்சோதி நடத்தும் பழக் கொள்முதல் மையம் அது. நாலு ஏக்கர், ஐந்து ஏக்கரில் எண்ணெய்க்குச் செம்பனை வைத்திருப்பவர்கள் குலைகளை அங்கே கொண்டுவந்து நிறுத்து விற்பார்கள். தராசின் பெட்டி முதலாளியின் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அவர் உள்ளேயிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். ஷாமளா ரசீது போடுவாள். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது. வருஷத் தொடக்கத்தில் வண்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, "நம்பர வெளிய காட்டுங்க, இல்லாட்டி எல்லாரும் லூனாஸ்ல இருக்கிற மையத்துக்குப் போறோம்" என்று கொடி பிடித்தார்கள்.

பரஞ்சோதி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஷாமளாவைக் கூப்பிட்டார்.

"நீ என்னமோ போன்ல பாத்து கம்ப்யூட்டரு படிக்கிறியாமே?"

அவள் பயந்துபோனாள். வேலை நேரத்தில் படித்ததை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். செயலிகளில் பொத்தானும் படமும் எண்ணும் அசைந்து நகர்ந்து வரும்படி செய்யும் படிப்பு அது. கூலிம் ஊரில் தொழிற்சாலை வேலை போய் இங்கே வந்ததிலிருந்து விட்டுவிட்டுப் படித்துவந்தாள்.

"காசு கட்டி முழுசா படி. நான் கட்டுறேன்" என்றார் பரஞ்சோதி. "டிவிக்கு ஒண்ணு, வண்டிக்காரனுங்க போனுக்கு ஒண்ணு செஞ்சி குடு. ஆனா ஒண்ணு. நம்பரு பச்சையா வந்து நிக்கக் கூடாது. முன்னாடி ஏதாச்சும் ஆட்டம் பாட்டம் போட்டு, கடைசில காட்டணும்."

கழிவறைக் கதவை மூன்று வருஷமாகக் கயிற்றால் கட்டி வைத்திருக்கும் மனிதர் அவர். அவருக்குள் இப்படி ஒரு கலைஞர் இருப்பது ஷாமளாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நன்றியில் கண் கலங்கும்போதே அவர் அடுத்ததையும் சொன்னார்: "சரியா ஓடலேன்னா மறுநாளே நீ பழம் பொறுக்கப் போலாம்."

பழம் பொறுக்குவது என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அம்மா செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியே காலத்தைத் தள்ளியவள். அவள் நிமிர்ந்து நடந்து ஷாமளா பார்த்ததில்லை. செத்த பிறகு பெட்டியில் நேராகப் படுக்க வைக்க நாலு பேர் அழுத்த வேண்டியிருந்தது.

ஆகவே ஷாமளா உயிரைக் கொடுத்துப் படித்தாள். வீடியோவில் வரும் வாத்தியார், எந்தப் பொருளும் திரையில் திடுமென வந்து நிற்கக் கூடாது, கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் உயிர் இருக்கும் என்று சொல்லியிருந்தார். ஸ்பிரிங் என்று அதற்குப் பெயர். வீட்டில் பொய் எண்களைப் போட்டுப் பார்த்தபோது பத்து கிலோ, இருபது கிலோ அழகாகத் தாண்டித் திரும்பியது.

இங்கே நானூறு கிலோ எப்படித் தாண்டியது? எங்கேயோ ஒரு சுழியத்தைக் கூடுதலாகப் போட்டுத் தொலைத்துவிட்டோம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம்ண்ணே, சரி பண்ணிர்றேன்!"

துள்ளலை அடியோடு எடுத்தாள். தராசின் எண் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு சுழியத்திலிருந்து மெதுவாக, கடைசியில் இன்னும் மெதுவாக ஏறி நிற்கும்படி மாற்றினாள். அதுவும் வாத்தியார் சொன்னதுதான்.

அடுத்து மேடையேறியது இராசாத்தியின் லாரி. ஐந்து ஏக்கரைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவள். குலையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கம்பியைக் கையை விட்டு இறக்க மாட்டாள். எண் ஏறியது. கடைசி இலக்கங்கள் நத்தைபோல ஊர்ந்தன. நின்றன.

"எடை போட்டாச்சி அக்கா, வண்டிய எடுங்க."

"இரு. இன்னும் ஏறும்."

"இல்லக்கா, முடிஞ்சிருச்சி."

"இவ்ள நேரம் ஏறிக்கிட்டுதானே இருந்திச்சி? நீ ஏன் அவசரப்படுற? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இராசாத்தி மேடையிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தாள். வரிசை பெரிய ரோடுவரைக்கும் போய்விட்டது. ரோட்டிலிருந்து கார்க்காரர்கள் திட்டியது அறைக்குள் கேட்டது.

பரஞ்சோதி வியர்த்து வழிய உள்ளே வந்தார். "என்னா செஞ்சி வச்சிருக்க?"

"பாஸ், அனிமேஷன எடுத்துட்டு நம்பர நேரா காட்டிரவா?"

"வேணாம்!" அவர் போட்ட சத்தத்தில் ஷாமளாவின் கைப்பேசி மேசையிலிருந்து விழுந்தது. "நேரா காட்டுனே, ஒன்ன இங்கேயே பொதச்சிருவேன். வேற ஆட்டம் போடு!"

அவள் மறுபடி லேப்டாப்பில் குனிந்தாள். ஊர்வதை எடுத்துவிட்டு, எடை முடியும்வரை ஒரு வட்டம் சுற்றுமாறு வைத்தாள்.

"இது என்னாதுலா சுத்துது?" என்றார் மணியம். அவர் லாரியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டரு யோசிக்குதுண்ணே."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தராசுக்கு என்னா யோசன? ஏத்துனா காட்ட வேண்டியதுதானே! எவன்கிட்ட எவ்ளோ அடிக்கலாம்னு யோசிக்குதா?"

கூட்டம் ஜன்னலை நெருங்கியது. வட்டத்தையும் தூக்கினாள். கடைசியாக இருந்தது, அவள் ஆசையாகச் செய்து வைத்திருந்த படம்: குட்டி லாரி ஒன்று குலுங்கி வரும், குலைகள் ஒவ்வொன்றாக அதில் விழும், எடை மலரும். லாரிக்கு உயிர் இருக்கட்டும் என்று, ஒரு குலை மட்டும் உருண்டு கீழே விழுந்து ஓரமாக ஓடும்படி செய்திருந்தாள். டிவியில் ஓடியது, அதே நொடியில் வண்டிக்காரர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடியது.

எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா!" என்று இராசாத்தி கம்பியை உயர்த்தினாள். "படத்துலகூட ஒரு கொலைய தள்ளி விடுறானுங்க! எவ்ளோ தைரியம் இருந்தா அத நம்ம போனுக்கே அனுப்புவானுங்க!"

அந்தப் படம் கைமாறிக் கைமாறி லூனாஸ்வரை போயிற்று. பழமே இல்லாத மோட்டார் சைக்கிள்காரர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தட்டியது இரும்பு.

பரஞ்சோதி அவள் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கினார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "போடு! எதையாச்சும் போடு! பூவு போடு, மயிலு போடு, பட்டாசு வெடிக்க விடு!"

"எல்லாம் போட்டாச்சி பாஸ்!"

வெளியே மணியத்தின் குரல் கேட்டது. "இந்தப் பொண்ணோட வெளயாட்டு வேணாம். ஏய் இர்வான், நீதானே டிவி மாட்டுன? என்னமோ பண்ணு!"

இர்வான் வயர்வேலை செய்பவர். டிவி மாட்டிய கூலிக்குக் காலையிலிருந்து தேநீர்க் கடையில் காத்திருந்தார். அவர் ஏணியையும் ஒரு பழைய எண் பலகையையும் தூக்குவதைப் பார்த்ததுதான் தாமதம், பரஞ்சோதி பின்கதவு வழியாக மறைந்தார். வெளியே பெரிய வண்டி ஒன்று உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. போலீசைக் கூப்பிடத்தான் போகிறார், என்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் போகிறார் என்று ஷாமளா முடிவு கட்டினாள்.

போன வேலை போனதுதான். உயிராவது மிஞ்சட்டும். அவள் மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். லேப்டாப்பை மடியில் வைத்து, தான் எழுதிய அசைவுகளை எல்லாம் ஒன்று விடாமல் அழித்தாள். துள்ளல் போயிற்று. ஊர்வது போயிற்று. வட்டம், குலை, குட்டி லாரி எல்லாம் போயிற்று. மாதக்கணக்கில் படித்த படிப்பு நாலு தட்டலில் காலி. இனி எண் பச்சையாக, செத்த பிணம்போல வந்து நிற்கும். யாரும் குறை சொல்ல முடியாது.

வெளியே மணியத்தின் லாரி மறுபடி மேடையேறும் சத்தம் கேட்டது. கூட்டம் எண்ணைச் சத்தமாகப் படித்தது.

"ஏறுது... ஏறுது... ஒம்பதாயிரத்து நானூறு! நின்னுடிச்சி!"

ஷாமளா மேசைக்கடியிலேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"ஏய்... எறங்குது! மறுபடியும் எறங்குது! ஒம்பதாயிரம்!"

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள்; ஒரு வரிகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் அழித்த பிறகும் எப்படி இறங்கும்? கதவு இடிபட்டது. இனி ஒளிந்து பயனில்லை. லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து எல்லாருக்கும் பொதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சத்தியமா நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்! ஏன் இன்னும் துள்ளுதுன்னு தெரியல! என்ன விட்டுருங்க, எனக்கு இன்னும் சரியா படிக்க வரல!"

யாரும் அவளைப் பார்க்கவில்லை. இராசாத்தியும் மணியமும் பரஞ்சோதியின் வண்டி போன பெரிய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி கறுத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் அந்தப் பழைய பலகை சிவப்பு எண்கள் எரியத் தொங்கியது. ஏணி உச்சியில், கையில் அறுந்த வயரோடு நின்ற இர்வான்தான் குனிந்து சொன்னார்:

"நீங்க ஏன்க்கா கும்பிடுறீங்க? ஒங்க வயர அப்பவே புடுங்கிட்டேன், இது தராசுலேர்ந்து நேரா வர்ற நம்பரு."